ஓடக்கூடிய கவசம்

கவசம் என்றதும் எல்லோருக்கும் இரும்புதான் ஞாபகம் வரும். நான் செய்த கவசத்தில் இரும்பே இல்லை. அது குழந்தைகள் தவழும் பாயில் செய்தது. ஆங்கில எழுத்துகளைக் கழற்றிப் பூட்டி விளையாடுவார்களே, அந்த மெத்துப் பாய். அதில் 28 துண்டுகள், செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் சொலூஷன் இரண்டு பேணி, பழைய புத்தகப் பைகளிலிருந்து வெட்டியெடுத்த கொளுவிகள், கறுப்பும் வெள்ளியுமாகக் கொஞ்சம் பெயின்ற். இவ்வளவையும் வைத்துக்கொண்டு சென்ற வருட விடுமுறையில் நயினாதீவிலுள்ள எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் ஓர் இயந்திர மனிதனுக்கு உடுப்புச் செய்தேன்.

எமது வகுப்பு மேடையேற்றவிருந்த நாடகம் 2150ஆம் ஆண்டில் நடப்பது. கடல் உயர்ந்து தீவுகள் மூழ்கிக்கொண்டிருக்கும் காலம். மிஞ்சியிருப்பவர்களைக் காக்க ஓர் இயந்திரக் காவலன் வருவான். கதை எழுதியவளுக்கு அது இலகுவாக இருந்தது, "மின்னும் கவசத்துடன் காவலன் நுழைகிறான்" என்று ஒரு வரி எழுதிவிட்டாள். அந்த ஒரு வரியை உடுப்பாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. காவலனாக நடிப்பதும் நான்தான். வகுப்பில் நான்தான் உயரம்.

இந்தப் பாயின் சாமான் பெயர் எதிலீன் வைனைல் அசற்றேற்று. உலகெங்கும் திரைப்படப் பாத்திரங்களைப்போல உடுத்துப் பார்க்கும் ஆட்கள் கவசம் செய்வதற்கு இதைத்தான் அதிகம் பாவிக்கிறார்கள். மலிவு, பாரமில்லை, கத்தியால் வெட்டலாம், சூடு காட்டினால் இளகும், ஆறியதும் வளைத்த வளைவிலேயே நின்றுவிடும். அதன் உள்ளே எண்ணற்ற சின்னஞ்சிறு காற்றறைகள் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியிருப்பதால் பஞ்சைப்போலத் தண்ணீரை உறிஞ்சாது.

இதையெல்லாம் நான் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். வாப்பாவுக்கு அந்தக் கொப்பி தேவைப்படவில்லை. ஒரு துண்டை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். பிறகு உள்ளே போய் வலையைக் கொண்டுவந்து அதன் மேல்கயிற்றில் கோத்திருந்த மிதவையைக் காட்டினார். "இதுதானே மகள் அது?" என்றார். அதேதான். வீடு முழுக்கக் கிடந்த சாமானைத்தான் யாழ்ப்பாணத்தில் காசு கொடுத்து வாங்கி, பண்ணைப் பாலம் தாண்டிக் குறிகட்டுவான் வரை பஸ்ஸிலும், அங்கிருந்து படகிலும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். படகில் ஒருவர் எந்தக் குழந்தைக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன்.

வேலையின் முதல் சிக்கல் வெட்டுவதில் இல்லை. தட்டையான ஒரு தாள் உருண்டையான ஓர் உடம்பை எப்படி மூடும் என்பதில் இருக்கிறது. ஒரு தோடம்பழத்தைக் கடுதாசியால் மடிப்பு விழாமல் சுற்றிப் பாருங்கள், விளங்கும். கவசம் செய்பவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உடம்பின்மேல் மெல்லிய பொலித்தீனைச் சுற்றி, அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, வேண்டிய வடிவத்தைப் பேனாவால் கீறி, பிறகு அதைக் கழற்றித் துண்டு துண்டாக வெட்டித் தட்டையாக்க வேண்டும். சட்டைக்கும் பர்தாவுக்கும் மேலால் உம்மா என்னைச் சுற்றிக் கட்டினார். எந்த இடத்தில் வெட்டினால் அது தட்டையாகும் என்பதுதான் இருவருக்கும் விளங்கவில்லை. அந்த நேரத்தில் உம்மும்மா கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினார்.

உம்மும்மா தையற்காரி. வாப்பாவின் ஊர் நயினாதீவு, உம்மாவின் பக்கம் யாழ்ப்பாணம் சோனகத் தெரு. அங்கே உம்மும்மாவுக்கு ஒரு கால்மிதி மெஷின் இருந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது அந்த மெஷினில் ஒரு சட்டைக் கை பாதி தைத்தபடி கிடந்ததாம். பிறகு புத்தளத்தில் பல வருடங்கள் மற்றவர்களின் மெஷினில் கூலிக்குத் தைத்தார். இப்போது இங்கே உள்ளது மூன்றாவது மெஷின்.

அவருக்கு இயந்திர மனிதன் என்றால் என்னவென்று தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நெஞ்சுத் துண்டில் இரண்டு இடத்தில் விரலால் கிள்ளி, "இதில டாட் பிடிக்கணும், அவ்வளவுதான்" என்றார். சட்டைக்கு இடுப்பிலும் நெஞ்சிலும் பிடிக்கும் அதே டாட். துணியில் மடித்துத் தைப்போம், மெத்துப் பாயில் அந்த முக்கோணத்தை வெட்டி எடுத்துவிட்டு இரு கரைகளையும் சேர்த்து ஒட்டுவோம். ஒட்டினதும் தாள் தானாகவே எழும்பிக் குவிந்து நின்றது. நேர்க்கோட்டில் வெட்டுவதற்குப் பதிலாகக் கத்தியைச் சாய்த்து வெட்டினால் பொருத்து வெளியே தெரியாது என்பதை மட்டும் நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒருமுறை பார்த்ததும் என்னைவிட நேராக வெட்டினார்.

சூடு காட்ட இதற்கென்று ஒரு துப்பாக்கி விற்கிறார்கள். அது எங்களிடம் இல்லை. சிரட்டைக்கரி போடும் பழைய ஸ்திரிக்கைப்பெட்டி இருந்தது. துண்டின்மேல் பருத்தித் துணியை விரித்து மெதுவாக அழுத்தி, இளகியதும் குடத்தின் வயிற்றில் வைத்து ஆறும்வரை பிடித்துக்கொண்டோம். தோள்தகடு குடத்தின் வளைவைத் தனதாக்கிக்கொண்டது. சூடு மிஞ்சினால் கருகி நாறும், அவசரப்படக் கூடாது.

சொலூஷன் வேறு விதமான பொறுமையைக் கேட்கும். இரண்டு கரையிலும் பூசி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அதற்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் பிரிக்க ஏலாது. அதன் மணம் தலையைச் சுற்றவைக்கும் என்பதால் அறைக்குள் வைத்து ஒட்டவே கூடாது. நாங்கள் முற்றத்துக்குப் போனோம். போனால் சோளகம். தீவில் சோளகம் வீசும் காலத்தில் ஈரமான எதையும் வெளியே வைத்தால் ஐந்து நிமிடத்தில் அதில் அரைமுற்றம் இருக்கும். கடைசியில் கிடுகு வேலி ஓரத்தில் இரண்டு கதிரைகளைக் கவிழ்த்து, சாக்கால் மூடி, அந்தக் கூட்டுக்குள் காயவைத்தோம். என் தம்பிக்குச் சாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் உத்தியோகம்.

இப்படி இரவும் பகலும் மினக்கெட்டுக்கொண்டிருந்தபோது உம்மாவுக்கு ஒரு கவலை இருந்தது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை பாயை வெட்டிக்கொண்டிருக்கிறாளே என்று. அந்தக் கவலை நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இது பெண்பிள்ளைக்குப் பொருத்தமில்லாத வேலை என்று பக்கத்து வீட்டில் ஒருவர் சொன்னபோது மட்டும் நான் வாசித்து வைத்திருந்த இரண்டு விடயங்களை அவருக்குச் சொன்னேன்.

விஞ்ஞானக் கதை வாசகர்களின் முதலாவது உலக மாநாடு 1939இல் நியூயோர்க்கில் நடந்தபோது இரண்டு பேர் வருங்கால மனிதரைப்போல உடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் ஃபொரஸ்ற் அக்கர்மன். மற்றவர் மேர்ட்டில் டக்ளஸ் என்ற பெண், மொரோஜோ என்பது அவரது புனைபெயர். இரண்டு உடுப்பையும் தைத்தவர் அவரே. ஆனாலும் நெடுங்காலம் அக்கர்மனின் பெயரே முன்னால் நின்றது. இன்று இலட்சக்கணக்கானோர் ஈடுபடும் ஒரு பொழுதுபோக்கின் ஆரம்பத்தில் ஒரு தையல் ஊசி இருக்கிறது.

மற்றது இன்னும் பெரிய விடயம். 1969இல் நீல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில் இறங்கியபோது அணிந்திருந்த உடை அமெரிக்காவில் டெலவெயர் மாநிலத்தின் டோவர் நகரில் தைக்கப்பட்டது. தைத்தவர்கள் பெண்கள். பெண்களின் உள்ளாடைகளுக்குப் பெயர்போன பிளேடெக்ஸின் தாய் நிறுவனமே அந்த ஒப்பந்தத்தைப் பெற்றிருந்தது. உலோகக் கவசத்தைப்போல விறைப்பாகச் செய்த போட்டி உடைகள் இருந்தும், குனியவும் நடக்கவும் விட்ட இந்தத் தையல் உடைதான் தெரிவானது. 21 படைகள். ஒரு தையல் விலகினாலும் உள்ளே இருப்பவரின் உயிர் போகும். அயலவர் பதில் சொல்லவில்லை. உம்மும்மாதான், "இருபத்தொரு படையா? ஊசி எப்படி இறங்கினது?" என்று கேட்டார். தையற்காரிகளின் கேள்வி அப்படித்தான் இருக்கும்.

இதையெல்லாம் அந்நிய தேசத்து விளையாட்டு என்று நினைப்பவர்களும் உண்டு. எங்கள் தீவகத்திலேயே மெலிஞ்சிமுனையில் கூத்து ஆடுகிறார்கள். கூத்தில் அரசன் தலையில் வைக்கும் முடியைப் பக்கத்தில் நின்று பார்த்தால் கண்ணாடித் துண்டும் மினுக்குத் தாளும்தான். நான்கு யார் தள்ளி நின்றால் இராச்சியம். மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அரசர் கட்டுவது கரப்புடுப்பு. கோழி கவிழ்க்கும் கரப்பைப்போல விரிந்து நிற்பதால் அந்தப் பெயர். பாரமில்லாத சாமானைப் பாரமாகக் காட்டும் வித்தை எங்களிடம் முன்பே இருந்தது. நான் பெயின்ற் பூசியதும் அந்த முறைதான். முதலில் பைண்டர் கம் மூன்று முறை பூசி, காயவிட்டு, முழுவதும் கறுப்பு அடித்தேன். பிறகு தூரிகையில் வெள்ளியைத் தொட்டு, அதைக் கடுதாசியில் துடைத்துவிட்டு, மிஞ்சியதை விளிம்புகளில் மட்டும் தேய்த்தேன். பாவித்துத் தேய்ந்த இரும்பு மூலைகளில்தானே மினுங்கும்.

முழங்கைக்கு ஆசிரியர் நண்டு. வாப்பா கொண்டுவந்த நீலக்கால் நண்டொன்றின் காலை மடக்கி மடக்கிப் பார்த்தேன். ஓடு எங்குமே வளையவில்லை. இரண்டு ஓடுகளுக்கிடையில் ஒரு மெல்லிய தோல் இருக்கிறது, மடங்குவதெல்லாம் அதுதான். ஆகவே முழங்கையை மூடும் எண்ணத்தை விட்டுவிட்டு, மேற்கைக்கும் கீழ்க்கைக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி விட்டுக் கறுப்புத் துணி வைத்தேன்.

எல்லாம் முடிந்து முதல்தடவையாக முழுக்கவசத்தையும் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றேன். தம்பி கை தட்டினான். உம்மாகூடச் சிரித்தார். உம்மும்மா என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து தையலைப் பார்ப்பதுபோலப் பொருத்துகளைப் பார்த்தார். பிறகு, "இதப் போட்டுக்கொண்டு ஓட ஏலுமா மகள்?" என்றார்.

ஓடிக் காட்டினேன். தொடைத்தகடு முழங்காலில் இடித்தது, ஆனாலும் ஓடலாம்.

"கெதியாய்க் கழற்ற ஏலுமா?"

நான் பார்த்த படங்களில் எல்லாம் முதுகில் ஆறு கட்டுகள். அதையே நானும் வைத்திருந்தேன். இன்னொருவர் உதவாமல் கழற்ற முடியாது. நாடகத்தில் அதற்கென்ன, திரை விழுந்தபின் ஆறுதலாகக் கழற்றலாமே என்றேன். உம்மும்மா வாசற்படியில் குந்திக்கொண்டார்.

"நாங்க வெளிக்கிட்ட அண்டைக்கு நான் உடுத்த சாரிக்கு மேலால இன்னொரு சாரியச் சுத்திக்கொண்டன். கையில ஒண்டும் கொண்டுபோக விடமாட்டாங்க எண்டு சொன்னவங்க. மேல சுத்தினதக் கேட்க மாட்டாங்க எண்டு நினைச்சன். கொஞ்சத் தூரம் போனதும் நடக்க ஏலல்ல. உன்ட உம்மா இடுப்பில. நிண்டு அவிழ்க்கவும் நேரமில்ல, பின்னால சனம். அந்தச் சாரி கால்ல சிக்கிச் சிக்கித்தான் அவ்வளவு தூரமும் வந்தன்."

இவ்வளவுதான் சொன்னார். உம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் அதை முன்பு கேட்டிருந்தாரோ இல்லையோ, நான் கேட்கவில்லை.

மறுநாள் முதுகுக் கட்டுகள் ஆறையும் வெட்டினேன். தோள்தகடுகளை நெஞ்சுத் துண்டோடு சேர்த்து ஒரே சட்டையாக்கி, இரண்டு பக்க விலாவிலும் பைக் கொளுவி ஒவ்வொன்று வைத்தோம். கையில் உள்ளவை இலாஸ்ரிக், உருவினால் வந்துவிடும். காலில் வெல்க்ரோ. தலைக்கவசத்தைப் பர்தாவைக் கலைக்காமல் நேரே மேலே தூக்கும்படி பின்பக்கம் இரண்டு அங்குலம் திறந்தேன். உம்மும்மா படியில் இருந்து எண்ண, நான் கழற்றினேன். முதல்நாள் நாற்பதுக்கு மேல் போயிற்று. மூன்றாம் நாள் பன்னிரண்டில் நின்றது. "பத்துக்குள்ள வரட்டும்" என்றார். வந்தது.

கழற்றிய நெஞ்சுத் துண்டை வாப்பா கடலில் போட்டுப் பார்த்தார். அது அசையாமல் மிதந்தது. தம்பி அதன்மேல் படுத்துக் கால் அடித்தான், அப்போதும் தாழவில்லை. அந்தக் காட்சியை விடுதிக்குத் திரும்பியதும் கதை எழுதியவளிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் கோபமாக இருந்தாள். பிறகு கடைசிக் காட்சியை மாற்றி எழுதினாள். முதலில் இருந்த பிரதியில் காவலன் எதிரிகளை வெட்டி வீழ்த்துவான். புதிய பிரதியில் தண்ணீர் ஏறும்போது கவசத்தைக் கழற்றி ஒரு சிறுமியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு நிற்பான்.

மேடையில் தலைக்கவசத்துக்குள் வியர்த்து வடிந்தது, பக்கவாட்டில் ஒன்றும் தெரியவில்லை. கடைசிக் காட்சியில் இரண்டு கொளுவியும் ஒரே இழுப்பில் கழன்றன. சபையில் அந்த இடத்தில் யாரும் கைதட்டவில்லை, ஒரு சத்தமுமில்லை. எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது.

கவசம் இப்போது கல்லூரி நாடக அலமாரியில் இருக்கிறது. அடுத்த வருடம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அளவு பெரிது, நெஞ்சில் இன்னும் இரண்டு டாட் பிடிக்க வேண்டும். தொடைத்தகடு மட்டும் அலமாரிக்குப் போகவில்லை. ஓடும்போது இடித்ததால் நாடகத்தில் அதைப் பாவிக்கவில்லை. உம்மும்மா அதை மெஷின் கதிரையில் போட்டு அதன்மேல் இருந்துகொண்டு தைக்கிறார், மரக்கதிரையைவிட அது இதமாம்.