நான் போகாத காலிமுகத்திடல்

2022இல் இலங்கை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச விழ வேண்டுமென்று விரும்பினேன். அவரை விழுத்தியவர்கள் வெல்லக் கூடாது என்றும் விரும்பினேன். முதல் விருப்பத்தை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டாவதை இப்போதுதான் எழுதுகிறேன்.

இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், ஊர் யாழ்ப்பாணம். அந்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட வழியில்லையென்று அரசாங்கம் கைவிரித்தது. எரிவாயு சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் கொழும்பு நாள்கணக்கில் வரிசையில் கிடந்தது. எனக்குள் ஒரு குரூரமான திருப்தி. மண்ணெண்ணெய்கூடக் கிடைக்கவில்லையென்று பக்கத்து வீட்டுச் சிங்கள நண்பர் புலம்பியபோது, தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் நாங்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய கதையை அவருக்கு எடுத்துவிட்டேன். முதலில் சில துளி பெற்றோலை விட்டு உதைக்க வேண்டும். இஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். புகை ஒழுங்கை முழுவதும் நிற்கும். இரவில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சமாய் எண்ணெய் விட்டுத் திரி கொளுத்துவோம். படிப்பு அந்த வெளிச்சத்தில்தான். அவர் உண்மையான அக்கறையோடு கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதோ குத்திக்காட்டுவதற்காக.

ஏப்ரல் 9ஆம் திகதி, கோட்டாபயவை வீட்டுக்குப் போகச் சொல்லிப் போராடியவர்களின் கூடாரங்கள் காலிமுகத்திடலில் முளைத்தன. என் வீட்டு வாசலில் 100ஆம் இலக்க பஸ் ஏறினால் அங்கே இறங்கலாம். நான் ஏறவில்லை. அக்காவின் மகள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவள். நாள் தவறாமல் போனாள். போரின் முடிவில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 நெருங்கியபோது கேட்டாள்: "மாமா, முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் குடுக்கப்போகினம். வாறீங்களோ?"

"2009இல இதே றோட்டிலதான் பாற்சோறு குடுத்துப் போர் வெற்றியைக் கொண்டாடினவை. தெரியுமோ?"

"பாற்சோறு திண்டது இவையின்ர தாய் தேப்பன், மாமா. இவை அப்ப சின்னப்பிள்ளையள்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேலை கிடக்குது என்று சொல்லி நழுவினேன். மாலையில் கைபேசிக்குப் படம் அனுப்பினாள்: சிங்களப் பெடி பெட்டைகள் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். படத்தைப் பெருப்பித்து முகம் முகமாகப் பார்த்தேன். யாராவது நமட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார்களா என்று தேடினேன். ஒருவர் முகத்திலும் அது இல்லை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 9 அன்று சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. 13ஆம் திகதி கோட்டாபய மாலைதீவுக்குப் பறந்தார். 20ஆம் திகதி நாடாளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாக்கியது. 22ஆம் திகதி விடியுமுன் இராணுவம் கூடாரங்களைப் பிய்த்தெறிந்தது. அன்று காலை தேநீர் எனக்கு ருசித்தது. "நான் சொன்னனே" என்று ஒரு முழு வாரம் வாய் ஓயாமல் பேசினேன்.

பேச எனக்குச் சரக்கு இருந்தது. 1978 அரசியலமைப்பின்படி, பதவிக்காலத்தின் நடுவில் ஜனாதிபதி விலகினால் மீதிக் காலத்துக்கு ஆளைத் தெரிவுசெய்வது நாடாளுமன்றம். அந்த நாடாளுமன்றமோ 2020இல் ராஜபக்சக்களுக்குக் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டைக் கொடுத்த தேர்தலில் வந்தது. மாளிகையின் நீச்சல் தடாகத்தில் குதித்தவர்களுக்கு அந்த 225 வாக்குகளில் கைவைக்க வழியிருக்கவில்லை. நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்று 1994இல் ஜனாதிபதியான சந்திரிகா சொன்னார், 2015இல் ஜனாதிபதியான மைத்திரிபால சொன்னார். கதிரை அப்படியே இருந்தது. இவ்வளவும் உண்மை. இதற்குப் பின்னால்தான் நான் ஒளிந்திருந்தேன். அந்தப் போராட்டத்தால் ஏதாவது நிலைத்துவிட்டால், நான் வீட்டில் இருந்தது பிழையாகிவிடும். தோற்றால் நான் கெட்டிக்காரன். என் கணக்கு அவ்வளவுதான்.

அதைவிடக் கேவலமானது ஓகஸ்டில் நடந்தது. சிங்கள மாணவர் தலைவர் ஒருவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து அடைத்தார்கள். 1979இல் வந்த சட்டம். எங்கள் ஊரில் அதில் உள்ளே போன ஆள் இல்லாத ஒழுங்கை அரிது. செய்தியைப் பார்த்துச் சிரித்தேன். "நல்லா இருக்கட்டும், ருசி தெரியட்டும்" என்றேன். மருமகள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடுத்த மாதம் அந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லிக் காங்கேசன்துறையிலிருந்து அம்பாந்தோட்டைவரை ஊர் ஊராகக் கையெழுத்துச் சேர்த்தார்கள். காலமெல்லாம் நான் திட்டிக்கொண்டிருந்த சட்டம். அதை எதிர்த்து அம்பாந்தோட்டையில் ஒரு சிங்களவர் கையெழுத்து வைப்பார் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். வைத்தபோது, இனி வைத்து என்ன பிரயோசனம் என்றேன். நான் வைக்கவில்லை.

அடுத்த வருடம் அவள் மெல்பேர்னுக்குப் போய்விட்டாள். அவளுடன் கூடாரத்தில் இருந்த பலரும் வெவ்வேறு நாடுகளுக்குப் போனார்கள்.

2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கூட்டணிக்கு 225இல் 159 ஆசனங்கள். யாழ்ப்பாண மாவட்டத்திலேயே 6இல் 3. தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சி அங்கே முதலிடத்துக்கு வந்ததை என் வாழ்நாளில் பார்ப்பேனென்று நினைத்ததில்லை. மருமகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, இப்பவாவது சந்தோஷமோ?"

"பாப்பம், எத்தனை நாளைக்கெண்டு."

"இதைத்தான் சொல்லுவீங்களெண்டு தெரியும்," என்று வைத்துவிட்டாள்.

பிறகு நடந்தவை எனக்கு வசதியாகவே இருந்தன: புதிய ஆட்சியும் அதே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஆட்களைப் பிடித்தது. அவளுக்குச் செய்தித் துணுக்கை அனுப்பினேன். அவள் அதைப் பார்த்தாள் என்று கைபேசி காட்டியது.

அந்த நவம்பர்த் தேர்தல் முடிவுகளை நான் விடிய விடியப் பார்த்ததை மட்டும் அவளுக்குச் சொல்லவில்லை. 22 தேர்தல் மாவட்டங்கள். எங்கேயாவது தோற்கிறார்களா என்றுதான் காத்திருந்தேன். மட்டக்களப்பில் தோற்றார்கள். அது எனக்குப் போதுமாக இருந்தது.