ஹாமில்டனில் இல்லாத அரண்மனை, கோவளத்தில் இல்லாத கோட்டை

நான் குடியிருக்கும் ஹாமில்டனுக்கு யாராவது விருந்தாளி வந்தால், அழைத்துப்போய்க் காட்ட ஒரு கல்லறை மாடம்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே, வண்டிச் சத்தம் ஓயாத எம் 74 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், புல்வெளி நடுவே பெரிய குவிமாடத்தோடு நிற்கிறது. பத்தாவது ஹாமில்டன் டியூக் தனக்காகவும் தன் முன்னோர்களுக்காகவும் கட்டத் தொடங்கியது. 1852இல் அவர் செத்தபோது எகிப்தியக் கல்பெட்டி ஒன்றில் வைத்து அடக்கம் செய்தார்கள். உள்ளே நின்று கையைத் தட்டினால் ஓசை பல நொடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை.

அந்த டியூக் வாழ்ந்த வீட்டைத்தான் காட்ட முடியாது. பிரிட்டனில் மன்னர் குடும்பத்துக்கு வெளியே இருந்த மிகப்பெரிய மாளிகைகளில் ஒன்று ஹாமில்டன் அரண்மனை. 1920களில் அதை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே விளையாட்டுத் திடல்.

இடித்ததற்குக் காரணம் நிலக்கரி. டியூக் குடும்பத்துக்குக் கொட்டிக்கொடுத்தது அவர்கள் நிலத்தடியில் கிடந்த கரிதான். தோண்டத் தோண்ட மேலே நிலம் உள்வாங்கிற்று, சுவர்கள் விரிந்தன. கரிக்கு முன்னால் வேறொரு பணமும் உள்ளே வந்திருந்தது. பத்தாவது டியூக்கின் மனைவி சூசன், வில்லியம் பெக்ஃபோர்டின் மகள். பெக்ஃபோர்டு குடும்பச் சொத்து ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில் சேர்ந்தது. சேர்ந்ததையெல்லாம் பன்னிரண்டாவது டியூக் கடனுக்காக 1882இல் ஏலத்துக்குக் கொண்டுவந்தார். பதினேழு நாள் நடந்த அந்த ஏலத்தில் கிடைத்தது கிட்டத்தட்ட 4 லட்சம் பவுண்டு. முதல் உலகப்போரில் கடற்படை மருத்துவமனையாக இருந்ததுதான் அரண்மனையின் கடைசி உபயோகம். பிறகு மரவேலைப்பாடுகளைக்கூடக் கழற்றி விற்றார்கள். அதன் சாப்பாட்டு அறையின் மரப்பலகைச் சுவர்கள் இன்று அமெரிக்காவில், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

என் பக்கத்து வீட்டுக் கிழவரின் தாத்தா சுரங்கத்தில் வேலை செய்தவர். "எங்க தாத்தன் வெட்டின குழியிலதான் டியூக்கோட வீடு விழுந்தது" என்று சொல்லிவிட்டுக் கண்ணில் நீர்வரச் சிரிப்பார். அரண்மனைமேல் அவருக்கு எள்ளளவும் பாசம் கிடையாது. ஆனால் சமையற்கட்டு எந்தப் பக்கம், குதிரை லாயம் எங்கே, எந்தத் திசையிலிருந்து இடிக்க ஆரம்பித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், திடலில் நடந்து நடந்து காட்டுவார். ஊர் அருங்காட்சியகத்தில் படங்கள் இருக்கின்றன. ஏலப் பட்டியல் அச்சில் இருக்கிறது. இல்லாத கட்டடத்தைக் கணினியில் அறை அறையாக எழுப்பிப் பார்ப்பதற்கென்றே ஒரு அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். வந்த புதிதில் இதெல்லாம் எனக்குப் பணக்காரத்தனமான பொழுதுபோக்காகத்தான் பட்டது. மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் இரவு வேலை முடித்து, குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கு டியூக்கின் சமையற்கட்டைப் பற்றி என்ன அக்கறை இருக்கும்?

அக்கறை வந்தது, கிழவர் என்னைத் திருப்பிக் கேட்டபோதுதான். "உங்க ஊர்ல என்ன இருந்தது?"

எங்கள் ஊர் கோவளம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிற வழி. ஜான் டி மான்டி என்ற போர்த்துக்கீசிய வம்சத்து வணிகர் 1808இல் கட்டிய கார்மேல் மாதா கோவிலும், எல்லா மதத்தாரும் வந்துபோகிற தமீமுல் அன்சாரி தர்காவும் இன்றைக்கும் ஊரின் இரண்டு கண்கள். இப்போது அலைச்சறுக்கு விளையாட வெளியூர்ப் பையன்கள் வருகிறார்கள். 2021இல் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழும் கிடைத்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஒரு கோட்டை இருந்தது என்றேன். யார் கட்டியது, எப்போது, எவ்வளவு பெரியது என்றார். அதற்குமேல் என் வாய் ஓடவில்லை.

அன்றிரவே பெரியப்பா மகனுக்குப் போன் போட்டேன். அண்ணன் படகு வைத்திருக்கிறார். "கோட்டையா? ஓட்டல் கட்டுன எடத்துல பழைய செவுரு கெடந்துது. டச்சுக்காரன் கோட்டைன்னு சொல்லிக்கிறாங்கோ. நமக்கு இன்னாடா தெரியும், கடல்தான் தெரியும்" என்றார்.

டச்சுக்காரர்களின் கோட்டை இருப்பது எங்களுக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில். பழைய வரலாற்று நூல்கள் கோவளத்துக்குச் சொல்லும் கதை வேறு. முதலில் வந்தது ஓஸ்டெண்ட் கம்பெனி. இன்றைய பெல்ஜியத்துத் துறைமுகமான ஓஸ்டெண்டின் வணிகர்கள், அந்த நிலம் ஆஸ்திரியப் பேரரசின்கீழ் இருந்த காலத்தில், 1722இல் பேரரசர் ஆறாம் சார்லஸிடம் பட்டயம் வாங்கி நடத்திய நிறுவனம். சோழமண்டலக் கரையில் அவர்கள் பண்டகசாலை வைத்த இடம் கோவளம். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கொடுத்த நெருக்கடியில் 1727இல் கம்பெனியை நிறுத்திவைத்தார்கள், 1731இல் மூடியே விட்டார்கள். அதில் வேலை பார்த்த எடின்பரோக்காரர் காலின் காம்ப்பெல் அங்கிருந்து போய் ஸ்வீடன் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். நான் வந்து சேர்ந்த நாட்டுக்கும் என் ஊருக்கும் இப்படி ஒரு பழைய தொடர்பு!

அதன்பிறகு ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் அங்கே கட்டிய கோட்டைக்கு சாதத் பந்தர் என்று பெயர். 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சூழ்ச்சியால் பிடித்தார்கள். 1752இல் ராபர்ட் கிளைவ் வந்தார். அவரோடு வந்தது 500 சிப்பாய்களும், லண்டன் தெருக்களில் பொறுக்கி எடுத்துக் கப்பலேற்றிய 200 வெள்ளைக்காரப் புது ஆட்களும். கோட்டையிலிருந்து வந்த குண்டில் ஒருவன் செத்ததும் மற்றவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். இன்னொரு தடவை பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்த காவல்காரன் ஒருவனைச் சில மணி நேரம் கழித்துக் கிணற்றுக்குள்ளிருந்து கண்டுபிடித்ததாக மெக்காலே எழுதியிருக்கிறார். அந்தக் கிணறு எங்கள் தெருக் கிணறுகளில் ஒன்றாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! எப்படியோ கோட்டை விழுந்தது. வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில மாதங்களில் கிளைவ் சென்னை செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டு சீமைக்குக் கப்பலேறினார்.

நவாபின் கோட்டை போனதற்கு மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை எதற்கு அழ வேண்டும்? கேள்வி நியாயம்தான். அந்தச் சுவர்களால் எங்கள் குப்பத்துக்கு என்ன லாபம் வந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள வரலாறு படிக்கத் தேவையில்லை. நானும் அழவில்லை. சுரங்கத் தொழிலாளியின் பேரனும் டியூக்குக்காக அழவில்லையே. ஆனால் தன் தாத்தன் வெட்டிய குழியும் அந்தக் கதைக்குள் இருக்கிறது என்பதால் அவர் அதை விடாமல் வைத்திருக்கிறார். கோட்டைக்குக் கல் சுமந்தவர்களும், பண்டகசாலைத் துணி மூட்டைகளை மசூலாப் படகில் ஏற்றி அலை தாண்டிக் கப்பலுக்குக் கொண்டுபோனவர்களும் நம் கரைக்காரர்கள்தானே? கோட்டையின் கதையை விட்டால் அவர்கள் கதையும் கூடவே போய்விடுகிறது.

ஸ்காட்லாந்தில் எல்லாம் ஒழுங்காகக் காப்பாற்றப்படுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். 20ஆம் நூற்றாண்டில் இங்கே நூற்றுக்கணக்கான கிராமப்புற மாளிகைகள் போயின. 1947இல் பட்டியலிட்டுப் பாதுகாக்கச் சட்டம் வந்தது, அதற்குப் பிறகும் ஆங்கஸ் மாவட்டத்தில் பான்மியூர் மாளிகையை 1955இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வீட்டுவரியைத் தவிர்க்கக் கூரையைப் பிரித்துப்போட்ட மகராசர்களும் உண்டு. பெரிய சொத்துகளுக்கு 1949இல் வாரிசு வரி நூற்றுக்கு 80 வரை போயிற்று.

இதைப் படிக்கும்போது எனக்குச் செட்டிநாடுதான் ஞாபகம் வந்தது. இங்கே சொத்து முழுவதும் மூத்த மகனுக்கு, வரியும் அவன் தலையில், அவனால் தாங்க முடியவில்லை. அங்கே எல்லா மகன்களுக்கும் பங்கு, தலைமுறை கூடக்கூடப் பங்காளிகள் பெருகி, ஓடு மாற்றக்கூட நாற்பது கையெழுத்து. பர்மாவில் போட்ட பணமும் போரோடு போயிற்று. நேரெதிரான இரண்டு வழக்கங்கள், ஆனால் முடிவு ஒன்றுதான்: தேக்குத் தூண் காரைக்குடிப் பழம்பொருள் கடையில், பலகைச் சுவர் பாஸ்டனில்.

கோவளத்துக்குச் சற்று வடக்கே முட்டுக்காட்டில், 1996இல் திறந்த தட்சிணசித்திராவில், அப்படிப் பிரித்த செட்டிநாட்டு வீடு ஒன்று மறுபடி நிற்கிறது. தெருவும் உறவும் இல்லாத வீடு பொம்மை வீடுதான் என்று சிலர் கேலி பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரித்தபோது ஒவ்வொரு உத்தரத்தையும் இன்ன இடத்துக்கு உரியது என்று குறித்துவைத்தால்தான் மறுபடி பூட்ட முடியும். அந்தக் குறிப்பே பாதி பாதுகாப்பு.

நாகப்பட்டினத்து வாசல் கதை இன்னும் விசித்திரம். 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகையைப் பிடித்த ஹெக்டர் மன்ரோ, வடக்கு ஸ்காட்லாந்தில் ஆல்னஸ் ஊருக்கு மேலே ஃபைரிஷ் குன்றில், நாகைக் கோட்டை வாசலின் வடிவம் என்று ஒரு நினைவுச் சின்னத்தைக் கட்டினார். பஞ்சத்தில் கிடந்த ஊர்மக்களுக்குக் கூலிவேலை கொடுக்கக் கட்டியது என்பார்கள். ஏறிப் பார்த்தேன். காற்று ஆளைத் தள்ளியது. அசல் நாகையில் இல்லை, நகல் இங்கே மூடுபனியில் நிற்கிறது. பீரங்கியால் பிடித்தவன் வைத்த நினைவு என்பதால் எனக்குப் பெருமிதம் எதுவும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

எரிச்சலுக்கு மருந்தாக இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் இருக்கிறார். ஸ்டோர்னவேயில் பிறந்த காலின் மெக்கன்சி 1783இல் சென்னை வந்து, 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். கோவில் கோவிலாக, ஊர் ஊராகச் சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் சேர்த்தார். சேர்த்துக் கொடுத்தவர்கள் காவலி வெங்கட போரையா, அவர் தம்பி லட்சுமையா போன்ற நம்மவர்கள். அதில் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இன்றும் கிடக்கிறது. கம்பெனிக்கு நிலமும் வரியும் தெரிய வேண்டியிருந்தது, அதனால் அளந்தார்கள். நமக்கு அந்த அவசரம் இல்லை, அதனால் அளக்காமலே இருக்கிறோம்.

தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. சட்டம் கோவளம்வரை வந்து சேர இன்னும் எவ்வளவு நாளோ! அதுவரை செய்யக்கூடியதற்குக் காசு அதிகம் வேண்டாம். கோவளத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஓட்டல் வருவதற்கு முந்தைய கடற்கரைப் படம், அந்தப் பழைய சுவர்மேல் உட்கார்ந்து எடுத்த கல்யாணப் படம், எது வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் எடுத்து, பின்பக்கத்தில் இடமும் ஆண்டும் பென்சிலால் எழுதுங்கள். சுவர் எதுவரை போனது என்று பெரியவர்கள் சொல்வதைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். ஒரு பிரதியைத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுங்கள். அண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன், வலை பழுதுபார்க்கிற நாளில் பெரியவர்களிடம் கேட்டுவைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.