பூஸ்ட் கேஜும் பிபியும்

இன்னைக்கு மருத்துவ இழை இல்லைங்க, கார் இழை. ஆனா நடுவுல பிபி வந்துடும், இப்பவே சொல்லிடறேன்.

இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பழைய மினி கூப்பர் எஸ் வாங்கினேன். 2004 மாடல், 1.6 லிட்டர், ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர். டர்போ புகைக்காற்றில் சுத்தும். இது இன்ஜின் கிராங்கில் இருந்து வர்ற பெல்ட்டில் சுத்தும். டர்போவில் பூஸ்டைக் கட்டுப்படுத்துற வேஸ்ட்கேட் இதுல கிடையாது. லேசா மிதிக்கும்போது ஒரு பைபாஸ் வால்வு காற்றைச் சுத்திவிடும். முழுசா மிதிச்சா எவ்வளவு பூஸ்ட்னு முடிவு பண்றது புல்லியோட சைஸ்தான்.

15% சின்ன புல்லி போட்டா சார்ஜர் சுமார் 18% வேகமா சுத்தும். ஆசை யாரை விட்டது? போட்டேன். கூடவே ஒரு பூஸ்ட் கேஜ். 0.8 பார் பக்கம் நின்ன முள் 1 பாரைத் தொட்டப்போ, பையன் ரேங்க் கார்டைப் பார்த்த அப்பா மாதிரி இருந்தேன்.

ஜூலை மாசம், 28 டிகிரி, வேல்ஸ் மலைப்பாதை. முள் அதே 1 பாரில் நிக்குது. கார் மட்டும் மாட்டுவண்டி. இன்னும் மிதிச்சேன். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். நாக்கிங். சட்டுனு காலை எடுத்தேன்.

காற்றை அழுத்தினா சூடாகும், சைக்கிள் பம்ப் அடிச்சவங்களுக்குத் தெரியும். 20 டிகிரி காற்றை 0.8 பாருக்கு அழுத்தினா ஏட்டுக்கணக்கிலேயே 70 தாண்டும். இந்த ரூட்ஸ் வகை சார்ஜரில் 100 தாண்டும். மினியில் இன்டர்கூலர் இன்ஜின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கு. மெதுவா மலையேறும்போது அதுக்கே காத்து போதாது. சூடான காற்றில் அழுத்தம் இருக்கும், ஆக்சிஜன் குறைவு. பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் தானா வெடிக்கும். ஈசியு ஸ்பார்க்கைத் தள்ளிப்போட்டு பிஸ்டனைக் காப்பாத்தும், சக்தி போயிடும். அதையும் மீறி மிதிச்சா பிஸ்டனே போகும்.

இங்கதான் பிபி. முள் காட்டுறது உள்ளே போன காற்றை இல்லை. உள்ளே போக முடியாம வாசல்ல நெருக்கிட்டு நிக்கிற காற்றை. அழுத்தம்னா ஓட்டம் பெருக்கல் தடை. முதல் வருஷ பிசியாலஜி, நான் பாஸ் பண்ண பாடம்!

ஐசியூவில் ஜூனியரா இருந்தப்போ, நார்அட்ரினலினைக் கூட்டிக்கூட்டி மீன் பிரஷரை 65க்கு மேல கொண்டுவந்துட்டு, "பிபி நல்லா இருக்கு மேடம்"னு பெருமையா சொன்னேன். அவங்க மானிட்டரைப் பார்க்கலை. நோயாளியோட காலைத் தொட்டாங்க. ஐஸ். யூரின் பையில் நாலு மணி நேரமா ஒண்ணும் இல்லை. எக்கோ வெச்சா இதயம் சரியா பம்ப் பண்ணலை. ரத்தக்குழாயை இறுக்கி நம்பரை வாங்கியிருந்தேன், ரத்த ஓட்டத்தை இல்லை. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

மினிக்கு வருவோம். பெரிய இன்டர்கூலர், தடை குறைஞ்ச எக்ஸாஸ்ட், 99 ஆக்டேன் பெட்ரோல், அதுக்கேத்த ட்யூனிங். புல்லியை மாத்தலை. ஓட்டிப் பார்த்த அன்னைக்கு முள் 0.9 தான் காட்டுச்சு, ஆனா கார் பறந்தது. "காசு குடுத்து பூஸ்டைக் குறைச்சிருக்கே"ன்னு நண்பன் சிரிச்சான்.

(உங்க காரில் மேல் ஆர்பிஎம்மில் மட்டும் முள் திடீர்னு இறங்கினா சந்தோஷப்படாதீங்க. பெல்ட் வழுக்குதான்னு பாருங்க.)

கேஜ் பக்கத்துல இப்போ இன்னொரு மீட்டரும் இருக்கு, உள்ளே போற காற்றோட சூடு காட்டுறது. மலை ஏறும்போது கண்ணு முதல்ல அங்கதான் போகுது.