படகின் அடியிலிருந்த சல்லடை



நியூசிலாந்தில் மகன் வீட்டில் நான்கு வாரங்கள் தங்கிவிட்டு நான் எலவனாசூர்கோட்டைக்குத் திரும்பியதிலிருந்து, உங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்: "ஐயா, அங்கே என்னவெல்லாம் பார்த்தீர்கள்?" பனி மூடிய மலைகளைப் பார்த்தேன், ஆடுகள் மேயும் பசும்புல் வெளிகளைப் பார்த்தேன். ஆனால் விடுமுறையின் பெரும்பகுதியை, இழுவண்டியில் ஏற்றி வைத்திருந்த ஒரு பழைய படகின் அடியில் மல்லாந்து படுத்தே கழித்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். தேவன் என்னோடு பேசியது அந்த இடத்தில்தான். ஆகவே இந்த வாரம் அந்தப் படகைப் பற்றி எழுதுகிறேன்.

எனக்கும் என் மகனுக்கும் இடையே சில ஆண்டுகளாகப் பேச்சு குறைந்திருந்ததை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். அவன் இறையியல் கல்லூரிக்குச் செல்வான் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவன் பொறியியல் படித்து, கிறைஸ்ட்சர்ச் நகரில் வேலை தேடிக்கொண்டான். ஞாயிறுதோறும் தொலைபேசியில் "நலமா?", "நலம்" என்பதோடு எங்கள் உரையாடல் முடிந்துவிடும். மீதியை அவன் தாயார் பேசுவார். இந்த முறையும் அவர் வற்புறுத்தியதால்தான் நான் விமானம் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு முற்றத்தில் ஓர் அலுமினியப் படகு நின்றுகொண்டிருந்தது. சேமித்த பணத்தைக் கொடுத்து, முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து இரண்டாங்கையாக வாங்கியிருந்தான். மருமகளுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. வாங்கிய முதல் வாரமே படகு சண்டித்தனம் செய்யத் தொடங்கிவிட்டது.

இது நாம் கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் காணும் படகைப் போன்றது அன்று. அங்கே இயந்திரத்தின் விசிறி படகுக்கு வெளியே நீரில் தொங்கும். கிறைஸ்ட்சர்ச்சுக்கு வடக்கே ஓடும் வைமகரிரி ஆறு கூழாங்கற்களுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து, பின்னிய சடையைப் போல ஓடுகிறது. சில இடங்களில் நீர் முழங்கால் அளவுகூட இராது. தொங்கும் விசிறி அங்கே ஒரு நாளில் உடைந்துபோகும். வில்லியம் ஹாமில்டன் என்ற ஆட்டுப்பண்ணைக்காரர் 1950-களில் ஐரிஷ்மேன் கிரீக் என்ற தம் பண்ணையில் இதற்கு வழி தேடினார். நீரை அடியில் உறிஞ்சிப் பின்புறம் பீய்ச்சுவது என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. முதலில் பீச்சுகுழலை நீருக்கு அடியில் வைத்தார். போதிய வேகம் வரவில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அதை உயர்த்தியபோது படகு பாய்ந்தது. 1960-இல் அவருடைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியாக நீரோட்டத்தை எதிர்த்து மேலேறின.

நம் ஊர் விவசாயிக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஜெட் படகு என்பது மிதக்கும் பம்புசெட்டு. அடியில் ஓர் உறிஞ்சுவாய் உண்டு. கல்லும் வேரும் புகாதபடி அதன்மேல் ஒரு கம்பிச் சல்லடை இருக்கும். உள்ளே ஒரு வளையத்துக்குள் இம்பெல்லர் சுழலும். பின்னால் பீச்சுகுழல். அவ்வளவுதான்.

மகனின் படகில் இருந்த குறை இதுதான்: இயந்திரம் பெரும் இரைச்சலோடு சுழலும், படகோ ஆமைபோல் நகரும். "என்ஜின் போயிடுச்சுப்பா" என்றான். ஒரு பட்டறையில் காட்டியபோது, இயந்திரத்தை முழுவதும் பிரித்துச் சீரமைக்க வேண்டும் என்று சொல்லி, படகின் விலையில் பாதிக்கு மேல் கேட்டிருந்தார்கள்.

மறுநாள் அவனோடு ஆற்றுக்குச் சென்றேன். அவன் ஆக்சிலேட்டரை மிதித்தபோது எழுந்த ஓசை எனக்குப் பழகிய ஓசையாய் இருந்தது. என் தகப்பனாருடைய கிணற்று மோட்டார், நீர் ஏறாதபோது இப்படித்தான் கத்தும். ஃபுட்வால்வில் பாசி அடைத்தாலும், குழாய் காற்று வாங்கினாலும், மோட்டாருக்குச் சுமை குறைந்துவிடும். ஓசை மெலிந்து உயரும். பலகையிலுள்ள ஆம்பியர் முள் கீழே இறங்கும். அனுபவமுள்ளவர்கள் மோட்டாரைக் கழற்ற மாட்டார்கள். கிணற்றில் இறங்கிக் குழாயின் அடியைப் பார்ப்பார்கள்.

"சுற்று எண்ணிக்கை எவ்வளவு காட்டுகிறது?" என்று கேட்டேன். இருக்க வேண்டிய அளவைவிடக் கூடுதலாக இருந்தது. "தம்பி, இயந்திரம் தளர்ந்திருந்தால் சுற்று குறைய வேண்டும். இங்கே கூடுகிறது. அது நலமாய்த்தான் இருக்கிறது. தண்ணீர்தான் அதற்குக் கிடைக்கவில்லை" என்றேன். அவன் என்னை வியப்போடு பார்த்தான். பல ஆண்டுகளுக்குப் பின் என் சொல்லை அவன் கவனித்துக் கேட்டது அன்றுதான்.

வீட்டில் படகின் அடியில் புகுந்து விளக்கடித்துப் பார்த்தோம். இயந்திரம் தற்செயலாகவும் சுழலாதபடி, பேட்டரி இணைப்பை முதலில் கழற்றி வைத்தோம். சல்லடைக் கம்பிகளுக்கிடையே மரவேர்களும் பாசியும் அடர்ந்து கிடந்தன. அவற்றை அகற்றியபின், உள்ளே தண்டைச் சுற்றி ஒரு நைலான் கயிறு இறுகியிருந்ததைக் கண்டோம். இம்பெல்லரின் விளிம்புகளைக் கூழாங்கற்கள் தின்றிருந்தன. அதற்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டிய இடைவெளி ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டராக இருந்தது. தள்ளப்பட்ட நீரில் ஒரு பகுதி அந்த இடைவெளி வழியாகத் திரும்பி வந்துவிடும். உறிஞ்சும் வழி அடைபடும்போது இன்னொன்றும் நடக்கும்: அங்கே அழுத்தம் குறைந்து, சூடாகாமலே நீர் கொதித்துக் குமிழிகள் எழும். அவை உடையும் அடியில் உலோகமே குழிவிழுந்து அரிக்கப்படுகிறது. அந்தக் குழிகளை என் விரலால் தடவிப் பார்த்தேன்.

பத்து நாட்கள் இருவரும் சேர்ந்து வேலை செய்தோம். கயிற்றை அறுத்தெடுத்தோம். இம்பெல்லரை ஒரு பட்டறையில் கொடுத்து விளிம்பு கட்டி வாங்கினோம். தண்டு நுழையும் இடத்திலுள்ள சீல் கசிந்து படகின் உள்ளே நீர் சேர்ந்துகொண்டிருந்தது, அதை மாற்றினோம். பேரிங்குக்குப் புதிய கிரீஸ் இட்டோம். இயந்திரம் ஆற்றுநீராலேயே குளிர்கிறபடியால், அந்தக் குழாய்களில் படிந்திருந்த மணலைக் கழுவினோம். தேய்ந்த வளையத்தை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தோம். படகு நீரில் இறங்குமுன் பார்க்க வேண்டியவற்றை மகன் ஒரு தாளில் எழுதி ஒட்டினான். அதில் முதல் வரி, "அடித்தக்கையை மூடியாயிற்றா?" என்பது. அதை மறந்து படகை இறக்கி, கரையிலேயே மூழ்கவைக்கும் புதியவர்கள் ஆண்டுதோறும் உண்டாம். கடைசி வரி, "கழுவிக் காயவைத்தாயிற்றா?" என்பது. 2004-இல் அந்நாட்டின் தென்தீவில் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது. படகிலே ஒட்டி ஆற்றுக்கு ஆறு அது பரவாதபடி, கழுவிக் காயவைக்க வேண்டும் என்று அங்கே கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

இந்தப் பத்து நாட்களில் ஸ்பேனரைப் பற்றியும் நட்டைப் பற்றியும் நிறையப் பேசினோம். மற்றதைப் பேசவில்லை.

மீண்டும் ஆற்றில் இறங்கிய நாளில் படகு எழும்பிப் பறந்தது. மகனின் முகத்தில் பன்னிரண்டு வயதுச் சிரிப்பு. இந்தப் படகுக்குச் சுக்கான் கிடையாது. பீய்ச்சும் நீரை இடப்புறமும் வலப்புறமும் திருப்பினால் படகு திரும்பும். நீர் பீய்ச்சாவிட்டால், சக்கரத்தை எவ்வளவு சுழற்றினாலும் திரும்பாது. "ஆபத்து என்று தோன்றும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடாதே" என்பதுதான் புதியவர்களுக்கு அங்குள்ள மூத்தவர்கள் சொல்லும் முதல் பாடம். மகனுக்கும் அது தெரியும்.

ஆனால் ஒரு வளைவைக் கடந்தபோது, வெள்ளத்தில் சாய்ந்த ஒரு பெரிய மரம் பாதி ஆற்றை அடைத்துக் கிடந்தது. அவன் திடுக்கிட்டுக் காலை எடுத்துவிட்டான். சக்கரத்தை முழுவதும் திருப்பினான்; படகோ நேரே மரத்தை நோக்கிச் சென்றது. "கர்த்தாவே" என்று மட்டும் என் வாயில் வந்தது. கடைசி நொடியில் அவனுக்குப் பாடம் நினைவுக்கு வந்தது. மீண்டும் மிதித்தான். படகு சட்டென்று திரும்பி, மரத்தை ஒரு முழ இடைவெளியில் கடந்து, கூழாங்கல் திட்டில் ஏறி நின்றது. இருவருக்கும் காயமில்லை.

சற்று நேரம் ஆற்றின் ஓசை மட்டுமே கேட்டது. அவன் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"பயந்து காலை எடுத்துட்டேன்ப்பா" என்றான்.

"நானும் அப்படித்தான் எடுத்துவிட்டேன், தம்பி" என்றேன்.

அவனுக்கு உடனே புரியவில்லை. சொன்னேன். அவன் ஊழியத்துக்கு வரப்போவதில்லை என்று எழுதிய நாளில் எனக்குக் கோபத்தைவிடப் பயமே மிகுதியாக இருந்தது. சபை என்ன சொல்லும், என் வீட்டை நான் நடத்தத் தெரியாதவன் என்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்தில் பேச்சை நிறுத்திக்கொண்டேன். நிறுத்திவிட்டால் அவனே திரும்பி வருவான் என்று எண்ணினேன். அவன் நெடுநேரம் ஆற்றையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னான்: "நீங்க பேசாம இருந்ததுகூட இல்லப்பா. அதுக்கு முன்னாடி, எனக்கு என்ன விருப்பம்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்."

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு இருவரும் படகை முழங்கால் ஆழத்துக்குத் தள்ளிச் சென்றோம். ஆழமில்லாத இடத்தில் இயந்திரத்தை முடுக்கினால் கற்களை வாரி விழுங்கிவிடும். சல்லடையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டே கிளப்பினோம்.

அன்று இரவு அவன் எனக்கு ஒரு செய்தி சொன்னான். 1977-இல் எட்மண்ட் ஹிலாரி மூன்று ஜெட் படகுகளோடு, கங்கை கடலில் கலக்கும் கங்காசாகரிலிருந்து ஆற்றை எதிர்த்து இமயத்தை நோக்கிப் புறப்பட்டாராம். நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி படகுகளைத் தடுத்தது. 1975-இல் விமான விபத்தில் மனைவியையும் இளைய மகளையும் இழந்திருந்த ஹிலாரியோடு, அந்தப் பயணத்தில் அவர் மகன் பீட்டரும் இருந்தார். படகோட்டியவர்களில் ஹாமில்டனின் மகன் ஜானும் பேரன் மைக்கேலும் இருந்தார்கள். "அப்பாவும் மகனுமா போயிருக்காங்க" என்று சொல்லி அவன் சிரித்தான்.

பிரியமானவர்களே, ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே என் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். குழுக்கூட்டங்கள், அடக்க ஆராதனைகள், கல்வராயன் மலை அடிவாரத்து ஜெபக்கூடுகைகள், கட்டட நிதிக் கணக்குகள் என்று ஒரு நாளும் வெறுமையாக இல்லை. சுற்று எண்ணிக்கை உயர்ந்தே இருந்திருக்கிறது. ஆனால் சென்ற ஆண்டில் பல ஞாயிறுகளில் பழைய குறிப்புகளிலிருந்தே உங்களுக்குப் பிரசங்கித்தேன். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. உள்ளே ஏறவேண்டிய நீர் ஏறவில்லை. நானோ உடல் தளர்ச்சி என்றும் வயது என்றும் இயந்திரத்தைக் குறைகூறிக்கொண்டிருந்தேன். மாற்கு முதலாம் அதிகாரத்தில், ஊரெல்லாம் தம்மைத் தேடிவந்த நாளுக்கு மறுநாள், நம் ஆண்டவர் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்ததை வாசிக்கிறோம். அவருக்கே அது தேவைப்பட்டது.

தேய்ந்த வளையம் இன்னும் மாற்றப்படவில்லை. மகன் ஊழியத்துக்கு வரப்போவதும் இல்லை. நான் இனி அதைக் கேட்கப்போவதும் இல்லை. ஞாயிறு மாலைகளில் இப்போது நானே அழைக்கிறேன். முதலில் கேள்வி கேட்கிறேன். பிறகு அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன். ஒரு போதகனுக்கு அது எளிதன்று.

உங்கள் வீட்டிலும் யாரேனும் ஒருவரிடம் பயத்தினாலோ வருத்தத்தினாலோ பேச்சை நிறுத்தி வைத்திருந்தால், இந்த வாரம் அவரை அழையுங்கள். அழைத்தபின், அவர் பேசுவதைக் கேளுங்கள். கர்த்தர் உங்களோடு இருப்பாராக. ஆமென்.

உங்கள் போதகர்
எலவனாசூர்கோட்டை