சேன் தெனிக்கு எத்தனை மணி நேரம்?

பாரீஸ் ஷார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்து ரெயூனியன் தீவின் தலைநகர் சேன் தெனிக்கு ஏறக்குறைய 9,350 கிலோமீட்டர். நடுவில் எங்கும் இறங்காமல் சுமார் பதினோரு மணி நேரம். இத்தனை தூரம் பறந்தாலும் அது உள்நாட்டுப் பயணம்தான். 1946 முதல் ரெயூனியன், பிரான்சின் ஒரு தெபார்த்மான். பிரெஞ்சுக் குடிமகனுக்கு விசா கிடையாது.

பயணம் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்காகப் போவதால் கடிகாரமும் அதிகம் மாறாது. கோடையில் இரண்டு மணி, குளிர்காலத்தில் மூன்று மணி வித்தியாசம், அவ்வளவே. இரவு பாரீசில் ஏறுகிறவர் காலையில் தீவில் இறங்கிவிடுவார்.

சேன் தெனி விமான நிலையத்தின் பெயர் ரோலான் காரோஸ். டென்னிஸ் மைதானம் என்றுதான் பலர் அறிவார்கள். அவர் 1888இல் அதே ஊரில் பிறந்த விமானி. 1913 செப்டம்பர் 23 அன்று மத்தியதரைக் கடலை நிற்காமல் தாண்டிய முதல் மனிதர். சுமார் 780 கிலோமீட்டர் பறக்க அவருக்கு 7 மணி 53 நிமிடம் ஆனது. இன்று அதைவிட மூன்று மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால், பாரீசிலிருந்து அவர் பிறந்த ஊருக்கே போய்விடலாம்.

இனி நம் பக்கக் கணக்கு. சென்னையிலிருந்து சேன் தெனி நேர்கோட்டில் சுமார் 4,600 கிலோமீட்டர். பாரீசுக்குப் பாதிதான். ஆனால் பாதி தூரம் என்றால் பாதி நேரம் என்று நினைத்துவிடக் கூடாது.

என் அண்ணன் அங்கேதான் இருந்தார். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். இருபது வயது அண்ணன் எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. சிறுவனான நான் அப்பாவோடு இந்தியனானேன். அண்ணன் சொல்தாவாகச் சேர்ந்து, ஓய்வுக்குப் பின் தீவில் வீடு கட்டிக்கொண்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். பாரீசில் இருக்கும் அண்ணன் மகன் அன்றிரவே விமானம் ஏறி, மறுநாள் காலை கொள்ளி வைக்கப் போய்ச் சேர்ந்தான். எனக்கோ விசா கைக்கு வரவே பன்னிரண்டு நாள் ஆயிற்று. பிறகு புதுச்சேரியிலிருந்து சென்னைக்குக் காரில் மூன்று மணி, விமான நிலையத்தில் மூன்று மணி, மொரிஷியசுக்கு ஏழு மணி, அங்கே அடுத்த விமானத்துக்காக ஐந்து மணி. கடைசியாக 230 கிலோமீட்டருக்கு முக்கால் மணி. வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் பத்தொன்பது மணி நேரம். பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போய்ச் சேர முடிந்தது.

வாசலில் நின்ற அண்ணன் மகன், "சித்தப்பா, நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க, ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்டான். வரைபடத்தில் பார்த்தால் அவன் கேட்டது சரிதான். அண்ணனும் அப்பாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எடுத்த இரண்டு முடிவுகளைப் பற்றி அன்றிரவு அவனுக்குச் சொன்னேன். விமானத்தின் வேகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கையிலுள்ள பாஸ்போர்ட்தான் வேறு.

வெளிநாட்டில் உறவினர் உள்ள அன்பர்களே, "எத்தனை மணி நேரம்" என்று யாராவது கேட்டால், விமானத்தில் உட்காரும் நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள். முடிந்தவரை, அவர்கள் நலமாக இருக்கும்போதே ஒருமுறை போய் வந்துவிடுங்கள்.