வாடுவதால் வாழ்பவை

சொந்த ஊரைப் பற்றிப் பேசச் சொன்னால் நம்மவர்கள் முதலில் எடுப்பது வயதையும் உயரத்தையும்தான். எங்கள் கோயில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தையது, எங்கள் கோபுரம் இத்தனை அடி என்றுதான் பேச்சு தொடங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதில் குறையே கிடையாது. வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலை ராஜகோபுரம் 192 அடி. பாண்டியன் அவையில் வாதில் வென்ற பொற்கிழியைக் கொண்டு பெரியாழ்வார் அதைக் கட்டினார் என்பது கோயில் மரபு. பன்னிரண்டு ஆழ்வார்களில் பெரியாழ்வார், ஆண்டாள் என்ற இரண்டு பேர், அதுவும் தந்தையும் மகளுமாக, இந்த ஓர் ஊருக்கே வாய்த்தார்கள். தென்மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ராஜபாளையத்துக்கு இப்படிச் சொல்லிக்கொள்ளப் பழைய கோபுரம் இல்லை. பஞ்சாலையும் மாந்தோப்பும் வெள்ளை நாயும் உண்டு. ஆனால் இரண்டு ஊர்களையும் சேர்த்துவைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இங்கே மக்கள் நெஞ்சோடு வைத்திருக்கிற பொருள்களில் பல அற்பாயுசு. மாலை, இலைக்கிளி, பால்கோவா, பஞ்சவர்ண மாம்பழம், நாய் என்று எதை எடுத்தாலும் நூறாண்டு நிற்காது. சில, ஒரு பொழுதைத் தாண்டாது. இந்த மண்ணின் மரபு நிலைத்திருப்பதற்குக் காரணம் கல்லின் உறுதி என்பதைவிட, இவற்றின் வாட்டமே என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியை எடுத்துக்கொள்வோம். அது பொன்னால் ஆனதோ மரத்தால் ஆனதோ அல்ல. மரவள்ளி இலையால் உடம்பு, மாதுளம்பூவால் அலகு, காக்காப்பொன்னால் கண், மூங்கில் குச்சியால் தாங்கல். ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டப்பட்டு, மாலைப் பூசையில் தாயாரின் கைக்குப் போய், பிறகு பக்தர் ஒருவரின் வீட்டுக்குப் போய்விடும். மறுநாளைக்கு மறுபடியும் இலை பறிக்க வேண்டும். கட்டி முடிக்கச் சில மணி நேரமாவது பிடிக்கும் நுட்பமான வேலை இது. தங்கத்தில் ஒரு கிளி செய்து வைத்திருந்தால் ஒரே ஒரு தட்டானோடு கதை முடிந்திருக்கும். அவருடைய பெயரைக்கூட நாம் மறந்திருப்போம். இலையில் செய்ததால், செய்யத் தெரிந்தவர் எந்தத் தலைமுறையிலும் இல்லாமல் போகக் கூடாது என்ற கட்டாயம் வந்துவிட்டது. அந்த அறிவு கைமாறி வந்ததற்கு அதன் அழகு மட்டும் காரணமல்ல. நாளைக்குக் கிளி வேண்டும் என்ற நெருக்கடியே பெரிய காரணம். அருங்காட்சியகத்தில் இருக்கும் பொருளுக்கு இந்த நெருக்கடி கிடையாது.

மாலையின் கதை இன்னும் விரிந்தது. சூடிக்கொடுத்த சுடர்க்கொடி என்ற பெயருக்கு ஏற்ப, ஆண்டாள் சூடிய மாலை இன்றும் ஊரைவிட்டு வெளியே போகிறது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்குமுன் அணிந்துகொள்வது இந்த மாலையைத்தான். புரட்டாசி பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்குத் திருப்பதி வரைக்கும் கிளியோடு சேர்ந்து போகிறது. மார்கழி வந்தால் அதே திருமலையில் சுப்ரபாதம் ஓய்ந்து, அவள் பாடிய திருப்பாவையின் முப்பது பாசுரங்கள் ஒலிக்கின்றன. ஓர் ஊரின் பெருமை, அது எதைத் தன்னிடம் பூட்டி வைத்திருக்கிறது என்பதைவிட எதை அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பதில் அதிகம் தெரியும். மதுரைக்கும் திருப்பதிக்கும் போன மாலை திரும்பி வராது. அங்கேயே வாடி உதிரும். அதனால்தான் அடுத்த ஆண்டும் துளசி வளர்க்க வேண்டியிருக்கிறது, கட்ட வேண்டியிருக்கிறது, வண்டி ஏற்ற வேண்டியிருக்கிறது. போன மாலையே போதும் என்று யாரும் சொல்ல முடியாது.

உடனே ஒரு மறுப்பு எழும். கோபுரம் நிற்பதால்தானே மாலைக்கு மதிப்பு? கோயில் இல்லாவிட்டால் கிளி யாருடைய கையில் உட்காரும்? நியாயமான கேள்விதான். ஆனால் கோபுரமும் தானாக நிற்பதில்லை. காலந்தோறும் திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்த வேண்டும் என்று ஆகமம் விதித்திருப்பதற்குக் காரணம், செங்கலும் சுதையும் மாலையைப் போலவே, மெதுவாக, வாடுகின்றன என்பதுதான். திருப்பணி நின்ற கோயில்களின் கோபுரத்தில் ஆலங்கன்று முளைப்பதைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் யார்? ஆனால் அதே கோபுரத்தை ஒரு முத்திரையாக ஆக்கிவிட்டால் என்ன ஆகிறது என்பதற்கும் ஸ்ரீவில்லிபுத்தூரே சாட்சி. தமிழ்நாடு அரசின் சின்னத்தில் இருப்பது இந்தக் கோபுரம் என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். இல்லை, ஓவியர் கிருஷ்ணாராவ் வரைந்தது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரம் என்று வாதிடுவோரும் உண்டு. அச்சிட்ட கோபுரத்துக்கு இரண்டு ஊர்கள் உரிமை கொண்டாடலாம். வாதம் எத்தனை காலமும் நீளலாம். இன்றைய கிளியை யார் கட்டினார் என்பதில் அப்படி ஒரு வழக்கே வராது. பெருமைச் சின்னங்கள் சண்டைக்கு வசதியானவை, வேலைகள் அப்படியல்ல.

பால்கோவாவுக்கு வருவோம். பால், சர்க்கரை, தீ, கை ஓயாத கிண்டல். அதற்கு மேல் ரகசியம் ஒன்றுமில்லை. நல்ல பால்கோவாவுக்குச் சில நாட்கள்தான் ஆயுள். 2019-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்தது நல்லதுதான். தமிழ்நாட்டின் எந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பெயரிட்ட பொட்டலம் கிடைக்கிறது. அதில் எத்தனை அந்த ஊர்ப் பாலைக் கண்டது என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆகவே முத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முத்திரை போலியைத் தடுக்கும், மாடு வளர்க்காது. மலையடிவாரத்துக் கிராமங்களில் கறவை மாடு வைத்திருப்பவருக்குத் தீவன விலை கட்டுபடியாகவில்லை என்றால், குறியீட்டுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி என்ன பயன்? இங்கே இன்னொரு மறுப்பையும் பார்த்துவிடலாம். பால்கோவா கிண்டுகிறவர் பிழைப்புக்காகக் கிண்டுகிறார், இதில் மரபு எங்கே வந்தது என்பார்கள். பிழைப்பையும் பற்றையும் எதிரெதிரே நிறுத்துவது, பிழைப்புக் கவலை இல்லாதவர்களின் வழக்கம். கூலி கிடைப்பதால் ஒரு வேலையின் மேலுள்ள பிடிப்பு குறைந்துவிடாது. கூலி நின்றால் மரபு நின்றுவிடும் என்பதே நாம் பயப்பட வேண்டிய உண்மை.

உயிருள்ள மரபு சின்னமாகும்போது என்ன நேரும் என்பதை ராஜபாளையம் நாயைப்போலத் தெளிவாகச் சொல்லும் உதாரணம் கிடைக்காது. உயர்ந்த கால், ஒட்டிய வயிறு, பால்வெள்ளை உடல், ரோஜா நிற மூக்கு. காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்த்த இனம் இது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்த வேட்டைக்கு இடமில்லாமல் போயிற்று. ஆனாலும் வீட்டுக் காவலாகவும் தோட்டக் காவலாகவும் நாய் தப்பிப் பிழைத்தது. 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோதும் இந்தப் பெயர் வந்தது. இத்தனை புகழுக்கும் அடியில் ஒரு சங்கடம் இருக்கிறது. நிறமியே இல்லாத தூய வெள்ளையையும் ரோஜா மூக்கையுமே தேடித் தேடி இணை சேர்த்தால், பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறக்கும் வாய்ப்பு கூடும். தோலின் நிறமியும் உட்செவியின் இயக்கமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது கால்நடை மருத்துவம் அறிந்த செய்தி. காவல் நாய்க்குக் காதுதான் முதல் கருவி. அஞ்சல்தலைக்கு அது தேவைப்படாது. தோற்றத்தை மட்டும் நேசித்தால் நேசிக்கப்படும் உயிரே செவிடாகிறது என்றால், அந்த நேசத்தைக் கொஞ்சம் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

இரத்தத்தாலும் பூர்வீகத்தாலும்தான் ஒருவர் ஒரு மண்ணுக்கு உரியவர் ஆகிறார் என்று சொல்கிறவர்களுக்கும் இந்த இரண்டு ஊர்கள் பதில் வைத்திருக்கின்றன. ராஜபாளையத்துக்குப் பெயர் தந்த ராஜுக்கள் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். பழையபாளையம், புதுப்பாளையம் என்று தெருக்களை வகுத்தவர்கள். வீட்டில் இன்றும் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர்களில் ஒருவரான பூ.ச. குமாரசாமிராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தார். தம் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தார். எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ஒரு பெருங்காப்பியம் இயற்றினார். ஆமுக்தமால்யதா என்ற அந்தக் காப்பியத்தின் நாயகி கோதை என்னும் ஆண்டாள், அதன் களம் ஸ்ரீவில்லிபுத்தூர். கிருஷ்ணை நதிக்கரையில் ஆந்திர விஷ்ணு கனவில் வந்து தெலுங்கிலேயே பாடச் சொன்னார் என்று அரசரே நூலில் சொல்கிறார். தமிழ்ப் பெண் தெலுங்குக்குப் போனாள், தெலுங்குக் குடிகள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். இதில் யாருடைய பாரம்பரியம் யாருடையது என்று கணக்குப் பிரிப்பவர் இரண்டு ஊர்களுக்கும் நட்டம்தான் உண்டாக்குவார்.

இவ்வளவு இனிமையாகச் சொல்லிக்கொண்டே போவது நேர்மையாகாது. என் வாதத்துக்கு மிகக் கடினமான மறுப்பு இந்த இரண்டு ஊர்களும் இருக்கும் விருதுநகர் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1997-ல் இங்கே புதிதாக அமைத்த போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் படைத்தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் வைக்கப்பட்டது. ஒரு பட்டியல் சாதி வீரனின் பெயர் பொறித்த பேருந்தில் ஏறுவதா என்று கிளம்பிய எதிர்ப்பு சாதிக் கலவரமாக முற்றியது. உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான். மண்ணின் மீதுள்ள பற்று என்று நாம் புகழ்வது, பல நேரங்களில் இந்த மண் எங்கள் சாதிக்கே என்ற பிடிவாதம்தானே என்று ஒருவர் கேட்டால் அதை மறுக்க என்னால் ஆகாது. ஒன்று மட்டும் கவனிக்கலாம். அந்தச் சண்டை ஒரு பெயர்ப்பலகைக்காக நடந்தது. பேருந்தை ஓட்டியவர், சக்கரம் மாற்றியவர், பயணச்சீட்டுக் கிழித்தவர் என்று வேலை செய்தவர்களின் வரிசையில் எல்லாச் சாதியும் இருந்திருக்கும். செய்கிறவரைப் பார்க்காமல் சின்னத்தை மட்டும் பார்க்கும் பற்றுக்கு வெறியாக மாற அதிக நேரம் ஆவதில்லை. செய்யும் வேலையிலும் சாதி உண்டு, யார் எதைத் தொடலாம் என்ற வரையறை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வரையறைகள் உடைய வேண்டும் என்றால் முதலில் வேலையைச் செய்பவர் யாரென்று நம் கண்ணில் பட வேண்டும். பெருமைப் பட்டியல்கள் அதைத்தான் மறைக்கின்றன.

அப்படி மறைக்கப்பட்டவர்களை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். மெல்லிய இழை, தளர்ந்த நெசவு, சலவை செய்து வெளுத்து, வெட்டிச் சுருட்டி, மருத்துவமனைகளுக்குப் போகிற துணி. இந்த இரண்டு ஊர்களைப் பற்றிய எந்தப் புகழ்ச்சியிலும் ஆண்டாள் வருவாள், பால்கோவா வரும், நாய் வரும். பேண்டேஜ் துணி வருவது அபூர்வம். விசைத்தறி என்பதால் கைவினை இல்லை, பழமை இல்லை என்பதால் பாரம்பரியம் இல்லை, புண்ணில் சுற்றித் தூக்கி எறியும் துணி என்பதால் அழகும் இல்லை என்று மூன்று கணக்கிலும் அது விடுபட்டுவிடுகிறது. ஆனால் நான் இதுவரை சொன்ன அளவுகோலை வைத்துப் பார்த்தால், மாலையைப்போல ஊரைவிட்டு வெளியே போய், யாருடைய உடம்பிலோ ஒருநாள் இருந்து, திரும்பி வராமல் அழிந்து, மறுநாளைக்கு மறுபடியும் வேண்டியிருக்கும் பொருள் அது. கூலி உயர்வு கேட்டு அந்தத் தொழிலாளர்கள் அவ்வப்போது வேலைநிறுத்தம் செய்யும் செய்தி நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரியில் முடிந்துவிடுகிறது. அடுத்த முறை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பெருமைகளை யாராவது பட்டியலிட்டால், சத்திரப்பட்டியின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். தறிக்காரரின் கூலியையும் கூடவே கேளுங்கள்.