செண்பகத்தோப்பில் ஒரு காலை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே, மலையடிவாரத்திலுள்ள செண்பகத்தோப்புக்கு ஒரு நாள் அதிகாலையில் புறப்பட்டோம். "அணில் பார்க்கவா இவ்வளவு தூரம்? எங்க வீட்டுக் கூரையிலே பத்து ஓடுதே, ஸார்!" என்று நகைத்தார் ஆட்டோக்காரர். முதுகில் மூன்று வரியிட்ட அந்த அணில் நமக்கும் பழக்கமானதுதான். நாம் தேடிச் சென்றதோ சாம்பல் நிற மலை அணில். அதன் பொருட்டே 1988-ம் வருஷத்தில் இவ்வனத்தைச் சரணாலயமாக்கினார்கள்.

தரையையே பார்த்து ஒரு மணி நேரத்தை வீணாக்கினோம். இப்பிராணி தரைக்கு இறங்குவது அபூர்வம் என்று புத்தகத்தில் படித்துவிட்டு மறந்தவர் நாம்! பிறகு ஒரு புளியமரத்தடியில் பழத்தின் ஓடுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. அண்ணாந்து பார்த்தோம். நரையோடிய சாம்பல் முதுகு, வெளுத்த வயிறு, உடம்பின் நீளத்துக்குக் குறையாத வால். முதுகு செம்பழுப்பும் கறுப்புமாயிருந்தால் அது மலபார் மலை அணில். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

கிளைகள் பின்னிக்கிடக்கும் உச்சியில் இலையும் குச்சியும் கொண்டு கூடு கட்டுகிறது. ஆபத்து வந்தால் பக்கத்து மரத்துக்குத் தாவ வழி வேண்டுமல்லவா? ஆனால் தோப்பின் ஓரத்தில் யாரோ ஒரு மாமரத்தை அடியோடு வெட்டியிருந்தார்கள். அணில் அந்த இடைவெளி வரை வந்தது. எதிர்க்கிளையை உற்றுப் பார்த்தது. தலைகீழாக அடிமரத்தில் இறங்கி, பாதி வழியில் நம்மைக் கண்டு, மறுபடியும் ஏறிவிட்டது. நாம் வெகு தூரம் விலகி நின்றோம். பத்து நிமிஷமாகியும் அது இறங்கவில்லை.